கிளினிக்கில் தலையாட்டினால் போதுமா?



உங்கள் வீட்டில் சீனி வருத்தம் உள்ளவர் எவரேனும் இருக்கிறாரா? இல்லை என்று சொல்லக்கூடிய குடும்பங்கள் இன்று குறைந்துகொண்டே வருகின்றன. 2005, 2006 ஆம் ஆண்டுகளில் நம் நாட்டில் செய்யப்பட்ட ஆய்வொன்று, வளர்ந்தவர்களுள் பத்தில் ஒருவருக்கு நீரிழிவு இருப்பதாகக் காட்டியது. 2018, 2019 ஆம் ஆண்டுகளில் செய்யப்பட்ட இன்னோர் ஆய்வில் அத்தொகை ஐந்தில் ஒருவர் என்ற அளவையும் தாண்டியிருந்தது. உம்மா, மாமி, மூத்த ராத்தா என்று நமக்கு நெருக்கமான யாரோ ஒருவர் மாதா மாதம் கிளினிக் கொப்பியோடு வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்.

அங்கே அவருக்கு என்ன சொல்லப்படுகிறது? "சோற்றைக் குறையுங்கள். இனிப்பைத் தொடாதீர்கள். தினமும் அரை மணி நேரம் நடவுங்கள்." அவரும் "சரி மிஸ்" என்று தலையாட்டிவிட்டு மருந்தை எடுத்துக்கொண்டு வீடு திரும்புகிறார். அடுத்த மாதம் சோதித்துப் பார்த்தால் சீனி அப்படியே இருக்கிறது, அல்லது கூடியிருக்கிறது. "நீங்கள் சொன்னதைச் செய்வதில்லை" என்று ஏச்சு விழுகிறது. மீண்டும் ஒரு தலையாட்டல்.

இதில் பிழை யார் பக்கம்? ஆலோசனை சொல்பவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. கேட்பவரும் வேண்டுமென்றே மறுக்கவில்லை. சொல்பவருக்கு நம் அடுப்படி தெரியாது. நாமோ அதைப் பற்றி வாய் திறப்பதில்லை. மொழி, மார்க்கம், உண்ணும் முறை ஆகியவை வேறுபட்ட இருவர் சந்திக்கும் இடத்தில் உலகெங்கும் இந்தச் சிக்கல் இருக்கிறது.

1978 ஆம் ஆண்டு ஆத்தர் கிளைன்மன் என்ற அமெரிக்க மனநல வைத்தியரும் அவருடைய சகாக்களும் வைத்தியர்களுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். நோயாளியிடம் உடம்புக்கு என்ன என்று கேட்பதோடு நிறுத்திவிடக் கூடாது. இந்த நோய் எதனால் வந்தது என்று அவர் நினைக்கிறார், எதற்குப் பயப்படுகிறார், எந்தச் சிகிச்சை தனக்குப் பொருந்தும் என்று கருதுகிறார் என்பதையும் கேட்டறிய வேண்டும் என்பதே அந்த யோசனை. நல்ல யோசனைதான். ஆனால், நூறு பேர் காத்திருக்கும் அரசாங்க வைத்தியசாலையில் இத்தனையையும் கேட்க யாருக்கு நேரமிருக்கிறது? ஆகவே சகோதரிகளே, அவர்கள் கேட்காவிட்டாலும் நாமே சொல்லிவிட வேண்டும். எவற்றைச் சொல்ல வேண்டும் என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சஹனில் அளவு தெரியுமா?

போசாக்கு ஆலோசகர் ஒரு தட்டுப் படத்தைக் காட்டுவார். பாதித் தட்டு மரக்கறியும் கீரையும், கால் தட்டு மீன், இறைச்சி, முட்டை அல்லது பருப்பு, மீதிக் கால் தட்டு சோறு. நல்ல கணக்கு. ஆனால், வலீமாவிலும் கந்தூரியிலும் நாம் தட்டில் உண்பதில்லையே! ஆறு பேர் ஒரு சஹனைச் சுற்றி அமர்கிறோம். நடுவில் சோறு, அதன்மேல் இறைச்சி, சுற்றிவரக் கத்தரிக்காய்ப் பஜ்ஜி, அச்சாறு. எத்தனை பிடி சாப்பிட்டோம் என்பது சாப்பிட்டவருக்கே தெரியாது. பக்கத்தில் இருப்பவர் அன்போடு நம் பக்கம் தள்ளிவிடும் சோற்றுக்குக் கணக்கு ஏது?

இதை ஆலோசகரிடம் சொல்லுங்கள். "மிஸ், நாங்கள் ஒரே சஹனில் கூடிச் சாப்பிடுகிறவர்கள். தட்டில் அளக்க முடியாது, வேறு வழி சொல்லித் தாருங்கள்" என்று கேளுங்கள். வழி இல்லாமலில்லை. சமைத்த சோறு ஒரு கோப்பையில் ஏறக்குறைய 45 கிராம் மாப்பொருள் இருக்கிறது. வீட்டில் ஒரு நாள் உங்கள் பங்குச் சோற்றைக் கோப்பையால் அளந்து வைத்து, அது எத்தனை பிடி வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். அந்த எண்ணிக்கை மனதில் இருந்தால் எந்த சஹனிலும் கணக்குத் தவறாது. முதலில் மரக்கறியையும் இறைச்சியையும் உண்டு, சோற்றைப் பின்னால் தொடுவதும் சீனி சட்டென்று ஏறுவதைக் குறைக்கும்.

வயிற்றில் மூன்றில் ஒரு பங்கை உணவுக்கும், ஒரு பங்கை நீருக்கும், ஒரு பங்கை மூச்சுக்கும் என்று நபி (ஸல்) அவர்கள் காட்டித் தந்த வழியை நாம் சிறு வயதிலேயே படித்திருக்கிறோம். கூடி உண்பதும் ஸுன்னத். அளவோடு உண்பதும் ஸுன்னத். ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டுவிடலாமா?

இன்னொரு விடயம். பல வீடுகளில் உம்மாதான் கடைசியாகச் சாப்பிடுகிறார். பிள்ளைகளும் கணவரும் சாப்பிட்டு எழுந்த பின்னர் சட்டியில் மிஞ்சுவது சோறும் ஆணமும்தான். மீனும் கீரையும் முடிந்திருக்கும். இந்நிலையில் அவருக்குக் "கால் தட்டு சோறு" என்று எவ்வளவு சொன்னாலும் பயனில்லை. அவருடைய பங்கு மீனையும் கீரையையும் முன்னரே எடுத்து மூடி வைப்பது பிள்ளைகளின் கடமை. அவருக்கென்று தனிச் சமையலும் தேவையில்லை. எண்ணெயும் உப்பும் குறைந்த, கீரையும் பயறும் கூடிய சமையல் வீட்டில் எல்லோருக்கும் நல்லதே.

தேன், கருப்பட்டி, கருஞ்சீரகம்

"இனிப்பைத் தொடாதீர்கள்" என்று சொன்னால் நம் பெண்கள் சீனியை மட்டும் விட்டுவிடுகிறார்கள். கித்துள் கருப்பட்டி இயற்கையானது, தேன் ஷிபா உள்ளது, பேரீச்சம்பழம் ஸுன்னத்தானது என்று அவற்றைத் தொடர்ந்து எடுக்கிறார்கள். இதைக் கேள்விப்படும் தாதி கோபித்துக்கொள்வார். ஏன் எடுக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியாது. ஏன் எடுக்கிறோம் என்று நாமும் சொல்வதில்லை.

தேனில் மனிதருக்கு நிவாரணம் உண்டு என்பது அல்குர்ஆனின் ஸூரத்துந் நஹ்லில் வருகிறது. அதில் நமக்கு எள்ளளவும் சந்தேகமில்லை. ஆனால், எந்த மருந்துக்கும் அளவு உண்டல்லவா? ஒரு மேசைக்கரண்டித் தேனில் ஏறக்குறைய 17 கிராம் சீனி இருக்கிறது. பெரிய மெஜூல் பேரீச்சம்பழம் ஒன்றில் ஏறக்குறைய 16 கிராம். இவை ஒவ்வொன்றும் மூன்று, நான்கு தேக்கரண்டிச் சீனிக்குச் சமம். கருப்பட்டியும் பெரும்பாலும் சீனிதான். நம் வட்டிலப்பத்தில் முட்டை இருப்பது நல்லதுதான். ஆனால், கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் அதைவிட அதிகம். பெருநாளன்று இரண்டு கரண்டி ருசி பார்ப்பதற்கும், மீந்ததை மூன்று நாள் வைத்துச் சாப்பிடுவதற்கும் வித்தியாசம் உண்டு.

கருஞ்சீரகம், வெந்தயம், பாகற்காய்ச் சாறு, கொத்தல ஹிம்புட்டு ஆகியவற்றையும் நம்மில் பலர் எடுக்கிறார்கள். வைத்தியர் ஏசுவார் என்று மறைத்துவிடுகிறார்கள். இது ஆபத்து. இவற்றுள் சில சீனியைக் குறைக்கும் தன்மை உள்ளவை. வைத்தியசாலைக் குளிசையோடு சேரும்போது சீனி தேவைக்கு மேல் இறங்கிவிடலாம். இவற்றை நம்பி, குளிசையை நிறுத்துவது அதைவிடப் பெரிய ஆபத்து. கண்ணும் சிறுநீரகமும் காலும் பழுதாகும்போது ஆரம்பத்தில் வலியே இருப்பதில்லை. தெரியவரும்போது காலம் கடந்திருக்கும்.

இன்சுலின் ஊசிக்கு ஏன் பயம்?

குளிசையால் சீனி கட்டுப்படாதபோது வைத்தியர் இன்சுலின் எழுதுகிறார். வீட்டுக்கு வந்தபின் அது குளிர்சாதனப் பெட்டியின் மூலையிலேயே கிடக்கிறது. ஏன்? "அது பன்றியிலிருந்து எடுப்பதாமே" என்று யாரோ சொன்னதை மூத்தம்மா மனதில் வைத்திருக்கிறார். கிளினிக்கில் அதைக் கேட்க வெட்கம். ஊசி போட மனமில்லை. கொப்பியில் மட்டும் "இன்சுலின் போடுகிறார்" என்று பதியப்படுகிறது. சீனி குறையவில்லையே என்று வைத்தியர் அளவை மேலும் கூட்டுகிறார். பின்னர் ஒரு நாள் வார்ட்டில் சேர்த்து, அந்தக் கூட்டிய அளவை உண்மையாகவே ஏற்றினால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள்!

அந்தப் பேச்சு காரணமில்லாமல் பிறந்ததல்ல. ஒரு காலத்தில் பன்றி, மாடு ஆகியவற்றின் கணையத்திலிருந்தே இன்சுலின் எடுக்கப்பட்டது. 1982 ஆம் ஆண்டு, மனித இன்சுலினை பக்டீரியா மூலம் உற்பத்தி செய்யும் முறை பாவனைக்கு வந்தது. இன்று கிடைக்கும் இன்சுலின் பெரும்பாலும் பக்டீரியா அல்லது ஈஸ்ட் மூலம் தயாரிக்கப்படுவதே. சந்தேகமிருந்தால் மருந்தாளரிடம் போத்தலைக் காட்டிக் கேளுங்கள். ஜெலட்டின் உறையிட்ட மருந்து பற்றி மனம் உறுத்தினாலும் இப்படியே கேட்கலாம். அதே மருந்து குளிசையாகவோ பாணியாகவோ கிடைப்பதுண்டு. கேட்பதில் வெட்கம் எதற்கு? கேட்காமல் மருந்தை விடுவதுதான் தவறு.

றமழானுக்கு முன்னரே பேசுங்கள்

நம் சமூகத்துக்கும் வைத்தியருக்கும் இடையில் அதிக மௌனம் நிலவுவது நோன்பு காலத்தில்தான். "நோன்பு பிடிக்க வேண்டாம் என்று சொல்லிவிடுவார்" என்ற பயத்தில் பலர் கிளினிக்குக்கே போவதில்லை. 2001 ஆம் ஆண்டு 13 நாடுகளில் 12,000க்கும் அதிகமான முஸ்லிம் நீரிழிவு நோயாளரிடையே ஓர் ஆய்வு நடந்தது. குளிசையால் பெரும்பாலும் கட்டுப்படும் இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களில் ஐந்தில் நால்வர், ஆகக் குறைந்தது 15 நாட்களாவது நோன்பு நோற்றிருந்தனர். ஆனால், வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுமளவு சீனி இறங்கிய சம்பவங்கள் அவர்களிடையே மற்ற மாதங்களை விட ஏழு மடங்குக்கு மேல் கூடியிருந்தன.

இதற்கு என்ன தீர்வு? லண்டன் மாநகரின் பிரெண்ட் பகுதியில் செய்யப்பட்டு 2010 இல் வெளியான ஓர் ஆய்வு அழகான விடை தருகிறது. அதில் சேர்ந்தவர்கள் 111 பேர். ஒரு பிரிவினருக்கு நோன்புக்கு முன்னர் சுமார் இரண்டு மணித்தியால வகுப்பு நடந்தது. சஹரிலும் இப்தாரிலும் எதை உண்பது, மருந்தை எப்படி மாற்றுவது, எப்போது சீனியைச் சோதிப்பது என்று கற்றுக் கொடுத்தார்கள். மற்றப் பிரிவினருக்கு அந்த வகுப்பு இல்லை. வகுப்புப் பெற்றவர்களிடையே சீனி இறங்கிய சம்பவங்கள் றமழானில் 9 இலிருந்து 5 ஆகக் குறைந்தன. பெறாதவர்களிடையே 9 இலிருந்து 36 ஆக உயர்ந்தன! நோன்பைப் புரிந்துகொண்டு சொல்லப்பட்ட ஆலோசனைக்கு எவ்வளவு பலன் பார்த்தீர்களா?

ஆகவே றமழான் பிறந்த பின் ஓடாமல், ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு முன்னரே, அதாவது றஜப் மாதத்திலேயே வைத்தியரிடம் சொல்லுங்கள்: "எனக்கு நோன்பு நோற்க ஆசை. நம் நாட்டில் ஏறக்குறைய 13, 14 மணித்தியாலம் உண்ணாமல் குடிக்காமல் இருக்க வேண்டும். என் மருந்தை அதற்கேற்ப மாற்றித் தர முடியுமா?" காலையில் போடும் குளிசையை அப்படியே சஹருக்கு மாற்றிக்கொள்வது நீங்களாகச் செய்யக்கூடிய வேலையல்ல. கிளிபென்கிளமைட், கிளிக்கிளசைட் போன்ற குளிசைகளும் இன்சுலினும் பகல் வேளையில் சீனியை இறக்கிவிடக் கூடும். அளவையும் நேரத்தையும் வைத்தியரே தீர்மானிக்க வேண்டும்.

நோன்பு காலத்தில் மேலும் சில:

சஹரைத் தவற விடாதீர்கள். கூடியவரை பிந்தியே உண்ணுங்கள். வெள்ளைப் பாணை விட சிவப்பரிசிச் சோறு, பயறு, கடலை, முட்டை ஆகியவை நீண்ட நேரம் தாங்கும்.

ஒரு சிறு பேரீச்சம்பழமும் தண்ணீரும் நோன்பு துறக்கப் போதுமானவை. நம் நோன்புக் கஞ்சி நல்ல உணவு. தேங்காய்ப்பாலைக் குறைத்து, கஞ்சியை ஒரு கோப்பையோடு நிறுத்துங்கள். பொரித்த ரோல்ஸ், சமோசா, பெட்டிஸ், சர்பத், பலூடா ஆகிய எல்லாம் ஒரே மேசையில் சேரும்போதுதான் இரவில் சீனி உச்சத்துக்குப் போகிறது.

விரலில் குத்திச் சீனி பார்ப்பதால் நோன்பு முறியாது என்பதே மார்க்க அறிஞர் பெரும்பாலோரின் கருத்து. சீனி 70க்குக் கீழ் இறங்கினாலோ 300க்கு மேல் ஏறினாலோ நோன்பை உடனே விட்டுவிட வேண்டும். சோதிக்கும் கருவி இல்லாத வீட்டில் நடுக்கம், குளிர்ந்த வியர்வை, படபடப்பு, பார்வை மங்குதல், பேச்சில் குழப்பம் ஆகியவற்றைக் கவனியுங்கள். மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள். "இன்னும் அரை மணி நேரந்தானே, மஃரிப் வந்துவிடும்" என்று இழுக்கவே கூடாது. மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாமல் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.

சிறுநீரகம் பழுதானவர்கள், அண்மையில் சீனி இறங்கி மயங்கியவர்கள், சிறு வயதிலிருந்தே இன்சுலினில் தங்கியிருப்பவர்கள், கர்ப்பிணியான நீரிழிவு நோயாளர் ஆகியோருக்கு நோன்பு பெரும்பாலும் ஆபத்தானது. ஸூரத்துல் பகராவின் 184, 185 ஆம் வசனங்களில் நோயாளிக்கு வேறு நாட்களில் நோற்கும் சலுகையையும், இயலாதவருக்கு ஏழைக்கு உணவளிக்கும் பரிகாரத்தையும் அல்லாஹ்வே தந்திருக்கிறான். கழாவா பித்யாவா என்பதை வைத்தியரின் கருத்தைச் சொல்லி உங்கள் மௌலவியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அல்லாஹ் தந்த சலுகையை ஏற்றுக்கொள்வது ஈமானின் குறைவல்ல. எல்லோரும் நோன்பிருக்கும் வீட்டில் தான் மட்டும் சாப்பிட வெட்கப்படும் உம்மாவுக்கு, நாமே ஒரு தட்டில் போட்டுக் கொண்டுபோய்க் கொடுப்போம்.

பிள்ளை பெற்ற வீட்டில்

மருத்துவ மாது வீட்டுக்கு வந்து "எல்லா மரக்கறியும் பழமும் கொடுங்கள், தண்ணீர் நிறையக் குடிக்கட்டும்" என்கிறார். மாமியோ "நாற்பது நாளைக்கு இதெல்லாம் குளிர்" என்கிறார். நடுவில் தவிப்பது பிள்ளை பெற்றவள்தான். இங்கும் எல்லாவற்றையும் தூக்கி எறியத் தேவையில்லை. மிளகும் இஞ்சியும் உள்ளியும் சேர்ந்த சரக்குக் கறி நல்லது. மீனும் பால் சுறாவும் நல்லது. ஆனால், தண்ணீரைக் கட்டுப்படுத்துவதும், கீரையையும் பழத்தையும் நாற்பது நாள் விலக்குவதும் தாய்க்கு மலச்சிக்கலையும் களைப்பையும் தரும். மருத்துவ மாது வரும்போது மாமியையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். மருமகள் சொன்னால் எடுபடாதது, மாது நேரில் சொல்லும்போது எடுபடும். நம் வழக்கம் என்பதற்காக எல்லாமே சரியாகிவிடாது. வழக்கம் என்பதற்காக எல்லாமே பிழையாகிவிடவும் மாட்டாது.

எங்கே நடப்பது?

"தினமும் நடவுங்கள்" என்பதும் அப்படித்தான். கடற்கரையிலோ மைதானத்திலோ தனியே நடக்க எல்லாப் பெண்களுக்கும் வசதி இல்லை. இதையும் வாய் திறந்து சொல்லுங்கள். ஒரே மூச்சில் அரை மணி நேரம் நடக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. ஒவ்வொரு வேளை உணவுக்குப் பிறகும் வளவுக்குள்ளோ, மொட்டை மாடியிலோ, நீண்ட விறாந்தையிலோ பத்து நிமிடம் விரைந்து நடந்தாலும் கணக்குச் சரிதான்.

அடுத்த கிளினிக்குக்குப் போகுமுன்...

1. மூன்று நாட்களில் உண்டவை, குடித்தவை அனைத்தையும் எழுதிக்கொண்டு போங்கள். டின்பால் தேத்தண்ணீரையும், அயல்வீட்டில் கடித்த பலகாரத்தையும் விட்டுவிடாதீர்கள்.

2. எடுக்கும் நாட்டு மருந்துகளையும், எடுக்காமல் விட்ட குளிசைகளையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

3. வைத்தியர் சொன்னதை உங்கள் வாயால் திருப்பிச் சொல்லி, "நான் விளங்கிக்கொண்டது சரிதானா?" என்று கேளுங்கள்.

4. உங்களால் முடியாததை "முடியாது" என்று மரியாதையோடு சொல்லி, வேறு வழி கேளுங்கள்.

5. சிங்களம் தெரியாவிட்டால், மொழி தெரிந்த வளர்ந்த பெண்ணொருவரை அழைத்துச் செல்லுங்கள். சின்னப் பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். உம்மாவின் அந்தரங்க வருத்தத்தை பத்து வயது மகன் எப்படிச் சொல்வான்? 1987 இன் 13 ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின்படி தமிழும் அரச கரும மொழியே. தமிழில் விளக்கம் கேட்பது நம் உரிமை.

6. பெண் வைத்தியர் வேண்டுமென்றால் பதியும்போதே கேளுங்கள். கிடைக்காவிட்டால் துணைக்கு ஒரு தாதி நிற்கும்படி கேட்கலாம். அதற்காகப் பரிசோதனையை மட்டும் தள்ளிப் போடாதீர்கள்.

சகோதரிகளே, நமக்கு ஆலோசனை சொல்லும் அந்த மிஸ் வேறு மதத்தவராக இருக்கலாம், வேறு மொழி பேசுபவராக இருக்கலாம். சஹன் என்றால் என்ன, சஹர் என்றால் என்ன என்று நாம் இன்று அவருக்குச் சொல்லிக் கொடுத்தால், நாளை நம் பின்னால் வரிசையில் நிற்கும் இன்னொரு உம்மாவுக்கு அவர் இன்னும் பொருத்தமாகச் சொல்வார். அதுவும் ஒரு ஸதகாதான். உடல் நமக்கு அல்லாஹ் தந்த அமானிதம். அதைப் பேணும் வழியில் வெட்கத்தையும் மௌனத்தையும் விட்டுவிடுவோம்.

நோயுற்ற நம் தாய்மாருக்கும் சகோதரிகளுக்கும் வல்ல அல்லாஹ் பூரண சுகத்தைத் தந்தருள்வானாக! ஆமீன்.